விடுதி வாழ்வு: புதிய மாணாக்கர்க்குச் சில சொற்கள்

விடுதி என்னுஞ் சொல் ‘விடு’ என்னும் பகுதியினின்று பிறந்தது. ஓரிடத்தை விட்டுச் செல்லுதலையும், சென்றவிடத்துத் தங்கும் இடத்தையும் அஃது ஒருங்கே குறிக்கும். ‘வீடு’ என்னுஞ் சொல்லுக்கும் அப்பகுதியே முதலாதல் வியப்பன்றோ? ஒரே வேரினின்று கிளைத்த இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் வேற்றுமை யாதென்பதை, எமது கல்லூரி விடுதியில் ஈராண்டு உறைந்து ஒருவாறு கற்றுக்கொண்டோம். இவ்வாண்டு புதிதாய் வந்து சேர்ந்திருக்கும் இளைய நண்பர்கட்கு அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் நமக்கு வேண்டுவனவற்றைப் பிறர் பார்த்துச் செய்கின்றனர். அரிசி என்ன விலைக்கு வந்தது, தொட்டியில் நீர் நிறைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அச்சுமையைத் தாயுந் தந்தையுந் தாங்குகின்றனர். விடுதியிலோ அஃது அனைவர்க்கும் பங்கிடப்படுகின்றது. ஒருவர் செய்வது அவரளவில் நில்லாது, அறையிலும் தாழ்வாரத்திலும் உள்ளார் அனைவரிடத்துஞ் சென்று சேர்கின்றது. இவ்வொன்றை அறிந்தார்க்கு விடுதியின் ஏனைய விதிகளெல்லாந் தாமே விளங்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகரினின்று தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது, செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்னும் மூன்று விடுதிகளும் கல்லூரி வாழ்வின் ஒரு கூறாகவே அங்கு அமைந்தன. வகுப்பறையிற் கற்பிக்கவியலாத பாடம் ஒன்று விடுதியில் உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

கொண்டுவர வேண்டுவனபற்றி நீள உரைத்தல் வேண்டா. ஒரு பூட்டும் இரண்டு திறவுகோல்களும், ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு போர்வை, ஒரு கொசுவலை ஆகியவை போதும். ஆடைகளில் அறை எண்ணை மறையாத மையால் எழுதிவைத்தல் நன்று. வெள்ளைச் சட்டைகள் பல ஒரே கொடியில் உலரும் நாளில் இதன் அருமை புலப்படும். இரண்டாந் திறவுகோலை அறைத் தோழரிடங் கொடுத்துவைக்க.

அறைத் தோழரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாண்டில் நமக்கு இல்லை. அது குறைபோலத் தோன்றும், உண்மையிற் பெரும்பேறே. எம்முடன் உறைந்தோர் மூவர்: நாகர்கோயிலார் ஒருவர், தருமபுரியார் ஒருவர், தூத்துக்குடியார் ஒருவர். சோற்றுடன் தொட்டுக்கொள்ளுங் காய்கறியைத் தூத்துக்குடி நண்பர் ‘வெஞ்சனம்’ என்றபோது தருமபுரியார் நகைத்தார். அது ‘வியஞ்சனம்’ என்னும் வடசொல்லின் திரிபென்பதை அகராதியிற் கண்டு காட்டினோம். அதன்பின் நகைத்தவர் நாவிலும் அச்சொல்லே நிலைத்தது. தற்பவம் என்று வகுப்பிற் கற்ற இலக்கணத்திற்கு அவ்வறையிலேதான் சுவை கண்டோம்.

உறங்கும் நேரம், விளக்கணைக்கும் நேரம், கைப்பேசியில் உரக்கப் பேசலாகாத நேரம் ஆகிய மூன்றையும் முதற்கிழமையிலேயே அறையிலுள்ளோர் கூடி முடிவுசெய்துகொள்க. முதற்கிழமையில் இதனைப் பேசுதல் எளிது. மனக்கசப்பு முதிர்ந்தபின் அரிது.

இனி உணவுக்கூடத்தைப்பற்றிச் சிறிது விரித்துரைப்போம். விடுதியின் உயிர்நிலை அதுவே. எமது விடுதியிற் பங்கீட்டு முறை நடைபெறுகின்றது. மாணாக்கர் அதனை ‘டிவைடிங்’ என்பர். அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு என்று ஒரு திங்களில் ஆன செலவு முழுவதையுங் கூட்டி, உண்டோரனைவரின் உணவு நாள்களின் தொகையால் வகுப்பர். வந்த ஈவே ஒரு நாட்செலவு. எடுத்துக்காட்டாக, 100 பேர் 30 நாள் உண்டால் உணவு நாள்கள் 3,000, செலவு ரூ. 3,60,000 ஆயின், ஒருவர்க்கு நாளொன்றுக்கு ரூ. 120, திங்களுக்கு ரூ. 3,600 ஆகும். ஊருக்குச் செல்வோர் முன்கூட்டியே ஏட்டிற் கையெழுத்திட்டால் அந்நாள்கள் அவர் கணக்கிற் சேரா. இடாது சென்றால் உண்ணாத சோற்றுக்கும் விலை கொடுத்தல் வேண்டும். இம்முறையில் ஆதாயம் பெறுவார் எவருமிலர். ஆனால் வீண்செய்வார் செலவை வீண்செய்யாதாருந் தாங்குவர். தட்டில் மிகுத்துக் கொட்டிய ஒரு பிடி சோறு நூறாகப் பகுக்கப்பட்டு, நூறு தந்தையர் கணக்கிற் சென்று விழுகின்றது.

அது யார் கணக்கில் எவ்வாறு விழும் என்பதை எம் தூத்துக்குடி நண்பரிடங் கண்டோம். அவர் தந்தையார் உப்பளத் தொழிலாளர். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பள வேலை நின்றுவிடும். அத்திங்கள்களில் வீட்டில் வரவு இராது. முதலாண்டு நவம்பரில், அந்நண்பர் வெள்ளிதோறும் ஊருக்குச் செல்வதாக உணவுக்கூட ஏட்டில் எழுதிவந்தார். எம்மிடமோ, நகரிலுள்ள சிற்றப்பா வீட்டில் உண்பதாகக் கூறுவார். மூன்றாங் கிழமையில் தருமபுரி நண்பர், “அந்தச் சித்தப்பா வீடு எந்தத் தெருவில் இருக்கிறதடா?” என்று வினவினார். விடை வரவில்லை. நெடுநேரங் கழித்து, “தங்கைக்கும் பள்ளிக்கூடத்தில் பணங் கட்ட வேண்டும், அப்பாவிடம் இதையும் எப்படிக் கேட்பேன்?” என்றார். சனியும் ஞாயிறும் இரண்டு பன்னுந் தேநீருமே அவர்க்கு உணவாக இருந்தன.

மறுநாட் காலையில் நால்வருமாக விடுதிக் காப்பாளரிடஞ் சென்றோம். அவர் அறிவுரை ஒன்றுங் கூறாது முழுவதையுங் கேட்டார். பாக்கியைத் தை முடியக் கட்டலாம் என்றார். உணவுக்கூடத்தின் இருப்புக் கணக்கை எழுதும் பணியை நண்பர்க்கு அளித்து, அதன் ஊதியத்தை உணவுக் கட்டணத்திற் கழிக்கச் செய்தார். அப்பணி முன்னரும் இருந்தது. கேட்பார் இன்மையாற் கிடந்தது. நண்பர்களே, இதனை மறவாதிருப்பீராக. உதவி பல இடங்களில் உண்டு. கேளாதார்க்கு அது புலப்படாது. தேவையை உரியவரிடம் உரைத்தல் இரத்தலாகாது.

கணக்கெழுதும் பணியை ஏற்ற நண்பர், ஒவ்வோர் இரவும் கொட்டப்பட்ட சோற்றை நிறுத்து, அந்த எண்ணைக் கூடத்தின் வாயிற்பலகையில் எழுதலானார். முதல் நாள் எழுதியது 23 கிலோ. அதன்கீழ் வேறொரு சொல்லும் எழுதினாரல்லர். கண்டோர் முதலில் நகைத்தனர். பின்னர் எண்ணை நோக்கினர். பின்னர்த் தம் தட்டை நோக்கினர். ஒரு திங்கட்குள் அவ்வெண் ஒன்பதாய்க் குறைந்தது.

ஒருங்கமர்ந்து உண்ணும் உரிமையுங்கூட நமக்கு எளிதிற் கிடைத்ததன்று. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி அளிக்கப்பட்டது. அதனை வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் எதிர்த்தமையால், 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டிற் பெருங் கிளர்ச்சி எழுந்தது. மாணாக்கர் யாருடன் யார் அமர்ந்து உண்பது என்னும் வினா நாட்டின் அரசியலையே அசைத்தது. இன்று நம் கூடத்தில் இடங்கண்டவிடத்து அமர்கின்றோம். எனினும், ஓரூராரும் ஓரினத்தாருமாகவே குழுமும் வழக்கம் முற்றும் நீங்கிற்றில்லை. ஆதலின், கிழமைக்கு ஒரு நாளேனும் முன்பின் அறியாதார் பக்கத்தில் அமர்ந்து உண்க.

அச்சத்தைப்பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். மூத்தோர் நும் பெயரும் ஊருங் கேட்பது நட்பின் தொடக்கம். இழிவான செயலைச் செய்யப் பணித்து நகைப்பது குற்றம். அதற்குப் பகடிவதை என்று பெயர். 1996-ஆம் ஆண்டில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரொருவராற் கொல்லப்பட்ட கொடுமை தமிழ்நாட்டையே நடுக்கியது. 1997-ஆம் ஆண்டிற் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி இரண்டாண்டு வரை சிறையும் ரூ. 10,000 வரை தண்டமும் விதிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 1800-180-5522 என்னும் எண்ணிற்கு முறையிடலாம். ஆயினும், சட்டத்திற்கு வாய் இல்லை. துன்புற்றார் கூறினாலன்றி அஃது எழாது. மறைத்துவைத்த அச்சம் ஒருவரையே தின்னும். நால்வரிடம் உரைத்த அச்சம் நான்கிலொரு பங்காகும்.

வீட்டு நினைவும் அத்தகையதே. அது மாலையில் விளக்கேற்றும் வேளையிலும், ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலும் மிகும். அவ்வேளைகளிற் பெட்டியைக் கட்டும் முடிவு எதனையுஞ் செய்யற்க. மறுநாட் காலையில், உண்டபின், எண்ணிப் பார்க்க. எதிர்க் கட்டிலில் முகந்திருப்பிக் கிடப்பவரும் தம் தாயை நினைத்தே கிடக்கின்றார் என்பதை அறிவீராக. காய்ச்சல் கண்டாலும், கட்டணங் குறைந்தாலும், பாடம் விளங்காவிடினும் அறைத் தோழரிடம் முதலிற் கூறுக.

சமையற்கூடத்தார், துப்புரவு செய்வார், இரவுக் காவலர் ஆகியோரை அண்ணன், அக்காள், ஐயா என்று அழைத்துப் பழகுக. அவர்தம் பெயரை முதற்கிழமையிலேயே கேட்டறிக. விடியுமுன் உலைவைப்போர் அவர்கள். விடுதி விழாவிற்கு வரும் முன்னாள் மாணவர் பலர், தம் அறையைப் பார்க்கும் முன்னரே சமையற்கூடத்திற்குச் சென்று பழைய சமையற்காரரைப் பெயர் சொல்லித் தேடுதலைக் கண்டிருக்கின்றோம்.

வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். தேர்வுக்காக அதன் பத்துக் குறளையும் உரையுடன் நெட்டுருச் செய்தோம். ஆயினும், அறிதல் என்று அவர் ஏன் கூறினார் என்பது வாயிற்பலகையில் எழுதிய எண்ணைக் கண்டபோதே எமக்கு விளங்கிற்று. தம் பங்கு யாது, தம்மாற் பிறர்மேல் விழும் பங்கு யாது என்று அறிவதே அது.

இளைய நண்பர்காள், அறைகள் சிறியன; நீர் சில வேளை காலந்தாழ்த்து வரும்; சாம்பார் எல்லா நாளும் ஒரே சுவையினதாயிராது. இவற்றையெல்லாம் எம்முடன் பங்கிட்டுக்கொள்ள வந்தீர். நும் துயரையும் அவ்வாறே பங்கிடுவீராக. நும் வரவு நல்வரவாகுக.