வெருட்டு என்னும் வினை

கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரத்து மானாவாரிக் காடுகளில் இராக்காவல் இருக்கும் சம்சாரிகள், தகரத்தைத் தட்டியும் வெடி போட்டும் காட்டுப்பன்றியை அகற்றுகிற தம் வேலையை 'வெரட்டுறது' என்றே சொல்லுகிறார்கள். ஏட்டில் 'விரட்டு' என்று நாம் எழுதும் இச்சொல்லுக்கு மிக அருகில், கடும் அச்சத்தை உண்டாக்குதல் என்ற பொருளுடைய 'வெருட்டு' என்னும் பழஞ்சொல் நிற்பதைக் கண்டபோது, இவ்விரண்டிற்கும் உள்ள பந்தம் யாதென்று விசாரிக்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

பேச்சொலி ஒன்றையே சாட்சியாக வைத்து முடிவு கட்டலாகாது. விரலை 'வெரல்' என்றும் விலையை 'வெலை' என்றும் சொல்லும் நாவு, விரட்டுவதை 'வெரட்டுறது' என்று சொல்வதில் வியப்பில்லை. ஆகவே இலக்கணத்தின் பக்கம் திரும்பினேன். உருள் என்பதற்கு உருட்டு, சுருள் என்பதற்குச் சுருட்டு, மருள் என்பதற்கு மருட்டு என்று தன்வினைக்குப் பிறவினை அமைவது போலவே, தான் அஞ்சுதலாகிய வெருள் என்பதற்குப் பிறரை அஞ்சச் செய்தலாகிய வெருட்டு அமைந்திருக்கிறது. விரட்டு என்பதற்கோ, இன்றைய வழக்கில் 'விரள்' என்றொரு தன்வினையை நாம் ஆள்வதில்லை. தாயில்லாமல் நிற்கும் இப்பிள்ளை வெருட்டின் வீட்டிலே பிறந்து, விரைதலின் சாயலைப் பிற்பாடு பெற்றுக்கொண்டது என்பதே என் அபிப்பிராயம்.

இச்சொற்குடும்பம் பழமையானது. தெலுங்கிலும் 'வெரபு' என்றால் அச்சந்தான். சங்கச் செய்யுட்களில், ஓசை கேட்டு அஞ்சி ஓடும் யானையையும் பறவையையும் குறிக்க 'வெரீஇ' என்ற எச்சம் பன்முறை வருகிறது. தினைப்புனம் காத்த குறிஞ்சிப் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளை ஒலித்துக் கிளியை வெருட்டினார்கள்; தேனி மாவட்டத்துச் சம்சாரி இன்று தகரம் தட்டுவது அத்தொழிலின் தொடர்ச்சியே ஆகும். யாழ்ப்பாணத்தாரிடம் இச்சொல் இன்னும் சீவனோடு இருக்கிறது. பிள்ளையைப் பயமுறுத்துவதும் அவர்களுக்கு வெருட்டுவதுதான். வயலில் நிற்கும் பொம்மையும் வெருளிதான். நாமோ பயமுறுத்து என்பதைக் கைக்கொண்டு இதைக் கைநழுவ விட்டோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைக் கூறுகிறது. இவற்றுள் விலங்கால் வந்த அச்சத்தைக் கம்பம் நகரமே 2023 மே 27 அன்று அனுபவித்தது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்று வனத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை வீதிக்குள் வந்ததும், தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டு ஊர் கதவடைத்துக் கிடந்தது. காயமுற்ற ஒருவர் பின்னர் மாண்டார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்தார்கள். அந்த ஆரவாரத்தில் ஊரும் வெருண்டது, தன் காட்டை இழந்து திரிந்த அந்த யானையும் வெருண்டது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் என் மனம் நிலைத்து நின்றது நான்காவதாகிய 'தம் இறை' என்பதில்தான். திருவள்ளுவர் கொடுங்கோன்மையை அடுத்து ஐம்பத்தேழாம் அதிகாரத்திற்கு 'வெருவந்த செய்யாமை' என்று பெயரிட்டு, குடிகள் நடுங்கத்தக்க செயல்களைச் செய்யும் அரசன் விரைவில் அழிவான் என்று எச்சரிக்கிறார். இச்சொல்லின் முழு வன்மையையும் அவர் அரசனை நோக்கியே பிரயோகித்திருக்கிறார். அதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. தேனியிலிருந்து ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரம். அங்கே இருக்கிறது பெருங்காமநல்லூர். பிறப்பினாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளிகளாக எழுதி வைத்து, ஆண்மக்களின் கைரேகையைப் பதிந்து, அவர்கள் இரவில் எங்கே உறங்குவது என்பதையும் காவலரே தீர்மானிக்கச் செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை அவ்வூரார் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். மாண்டவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் 'மக்கள் விரட்டப்பட்டனர்', 'பயமுறுத்தப்பட்டனர்' என்று எழுதுகின்றனர். விரட்டுதல் இடத்தைவிட்டு அகற்றுவது மட்டுமே. வெருட்டுதலோ வீட்டுக்குள்ளேயே இருப்பவனையும் உறங்கவிடாமல் நடுங்கச் செய்வது. கைரேகை பதிந்த அச்சட்டம் செய்தது இரண்டாவதையே. ஆதலால் சரித்திர நூல்களும் பள்ளிப் பாடநூல்களும் எழுதும் பெரியோர்கள், குடிகளை அரசு நடுங்க வைத்த செய்தியைக் கூறும் இடத்திலெல்லாம் 'வெருட்டியது' என்றே எழுத வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.