தப்பு மலிவாகக் கிடைக்கும் வயது

வீடியோ கேம் பெட்டியின் மூலையில் ஓர் எண்ணைக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள்: 3, 7, 12, 16, 18. ஐரோப்பாவின் பெகி அமைப்பு தருகிற வயது முத்திரை அது. ரத்தம் தெறிக்கிறதா, கெட்ட வார்த்தை காதில் விழுமா, சூதாட்டம் எட்டிப் பார்க்கிறதா என்றெல்லாம் ஆராய்ந்து குத்துவது. ஆடுகிற பிள்ளைக்கு ஆட்டம் புரியுமா என்பது அவர்கள் கவலை இல்லை. ஆட்டத்தின் கடினத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அவர்களே சொல்லியும் விடுகிறார்கள். அந்த நியாயப்படி சதுரங்கத்தை மூன்று வயதுக் குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். காயை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தம்பி மகள் என்னிடம் கேட்டது இந்த முத்திரைக்குள் அடங்காத கேள்வி. "பெரியப்பா, இதை நாலாங்கிளாஸ் பிள்ளை ஆடலாமா? இல்ல, இன்னும் நாலஞ்சு வருஷம் போகட்டுமா?" விண்வெளி என்று எங்கே அச்சாகியிருந்தாலும், வடை மடித்த தாளாக இருந்தாலும் படித்துவிடுகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னிடம் வந்த கேள்வி. அவள் மகன் கேட்டு அடம்பிடித்தது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ஆட்டத்தை.

அதன் பிறப்பே கொஞ்சம் விசித்திரமானது. மெக்சிகோ நகரத்தில் ஸ்குவாட் என்றொரு விளம்பர நிறுவனம். அங்கே வேலை பார்த்த பிரேசில்காரர் ஃபெலிப்பே ஃபலாங்கே, கேம் செய்யப் போகிறேன், வேலையை விடுகிறேன் என்று போய் நிற்க, முதலாளிகள் இங்கேயே செய் என்று சொல்லிவிட்டார்கள். 2011 ஜூனில் முதல் வடிவம் வெளியானது. 2015 ஏப்ரலில்தான் அதை முழு ஆட்டம் என்று அறிவித்தார்கள். ஆட்டத்தில் வரும் முண்டைக்கண் பச்சை மனிதர்கள் அதற்கும் மூத்தவர்கள். ஃபலாங்கே பையனாக இருந்தபோது வாண வெடிகளுக்குள் ஈயத்தாளில் செய்த குட்டி பொம்மைகளை உட்கார வைத்து அனுப்புவாராம். அந்தப் பொம்மைகளின் பேர்தான் கெர்பல். அவர்களில் எத்தனை பேர் பத்திரமாகத் திரும்பினார்கள் என்று நாம் கேட்காமலிருப்பது நல்லது.

பச்சை பொம்மைகளைப் பார்த்துவிட்டு இது சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே ஓடுவது அசல் பௌதிகம். ராக்கெட்டை நாமே கட்ட வேண்டும். எடை, உந்துவிசை, எரிபொருள் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஏவிய பிறகு சுற்றுப்பாதையின் எட்டமுனை, கிட்டமுனை எல்லாம் மீட்டரில் வந்து நிற்கும். ஆனாலும் ஒரு சலுகை செய்திருக்கிறார்கள். கெர்பல்கள் வாழும் கெர்பின் என்ற கோளின் ஆரம் வெறும் 600 கிலோமீட்டர், பூமியினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 70 கிலோமீட்டர் ஏறினால் காற்று முடிந்துவிடும். பூமியைச் சுற்ற நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அங்கே சுமார் 2.3 போதும். ஆனால் ஈர்ப்பு மட்டும் நம்முடையதே. அவ்வளவு சிறிய உருண்டைக்கு அவ்வளவு ஈர்ப்பு இருக்க வேண்டுமென்றால், உலோகங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஆஸ்மியத்தைப் போல இரண்டரை மடங்கு அடர்த்தியான ஏதோ ஒன்றால் அது ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடையாது. ஆட்டத்தில் இருக்கும் பெரிய பொய் இதுதான், நல்ல நோக்கத்தில் சொன்ன பொய். பூமியை அப்படியே வைத்திருந்தால் ஏறி முடிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து போயிருப்பார்கள்.

பையன் ஆடத் தொடங்கிய அன்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் ராக்கெட் கட்டிய வேகத்தைப் பார்த்தால் அடுத்த வாரமே செவ்வாயில் மனை வாங்கிவிடலாம் போலிருந்தது. மூக்கில் பாராசூட், கீழே எஞ்சின், நடுவில் வாய் நிறையச் சிரிப்போடு ஜெபிடயா என்ற கெர்பல். எது முதலில் இயங்க வேண்டும், எது பிறகு என்று திரையோரத்தில் ஓர் அடுக்கு வரிசை இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட ஒவ்வொரு அடுக்காக வேலை செய்யும். பையன் எஞ்சினையும் பாராசூட்டையும் ஒரே அடுக்கில் வைத்திருந்தான். தட்டினான். நெருப்பு கக்கிக்கொண்டு கிளம்பிய ராக்கெட்டின் தலையில் பாராசூட்டும் கூடவே அவிழ்ந்து, நார் நாராகப் பிய்ந்து போனது. மேலே போன ராக்கெட் கீழே வந்தது, வேண்டியதைவிட வேகமாக. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரிய தாத்தா, இன்னொரு தடவை பாக்குறீங்களா?" என்றான். அதே வரிசை, அதே ஸ்பேஸ் பார், அதே வெடிப்பு. திருத்த வேண்டும் என்ற எண்ணம் சாயங்காலம்தான் வந்தது.

ராண்டல் மன்றோ என்ற கார்ட்டூன்காரர் முன்பு நாசாவில் வேலை பார்த்தவர். சுற்றுப்பாதை விவகாரம் தனக்கு எப்போது எவ்வளவு புரிந்தது என்று ஒரு வரைபடம் போட்டிருக்கிறார். பள்ளிப் பௌதிகம் முடித்தபோது கோடு கொஞ்சம் ஏறுகிறது. நாசாவில் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம். கெர்பல் ஆடத் தொடங்கியதும் செங்குத்தாக எழுந்து போகிறது. கிண்டல் என்று நினைத்திருந்தேன், எங்கள் வீட்டுப் பிளஸ் டூ பெண் ஆட உட்காரும் வரை. பையனுக்கு அத்தை மகள். கோச்சிங்கில் முதல் வரிசைக்காரி. ஆரம் கூடினால் சுற்றும் வேகம் குறையும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சூத்திரத்தோடு சொல்வாள். அவளுக்கு முன்னால், அதே பாதையில், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு விண்கலம் மிதந்தது. அதைப் போய்த் தொட வேண்டும். கலத்தின் மூக்கை அதன் பக்கம் திருப்பினாள். எஞ்சினை முழு வேகத்தில் விட்டாள். எதிரே இருந்தது கொஞ்சம் நெருங்கி, பிறகு விலகத் தொடங்கியது. இன்னும் விட்டாள். இன்னும் விலகியது. "கேம்ல பக் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

இதே வழக்கு 1965 ஜூன் 3 அன்று பூமிக்கு மேலே நிஜமாகவே நடந்தது. ஜெமினி 4 கலத்தில் இரண்டு பேர்: ஜேம்ஸ் மெக்டிவிட், எட் ஒயிட். கலத்தை ஓட்டியவர் மெக்டிவிட். கொரியப் போரில் 145 முறை போர் விமானத்தில் பறந்துவிட்டு, பிறகு சோதனை விமானியாகவும் இருந்தவர், வயது 35. இவர்களை மேலே கொண்டுவந்து விட்ட டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு, காலியான டின், அருகிலேயே அதே பாதையில் மிதந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். விண்வெளியில் ஒன்றை ஒன்று நெருங்கிப் பழகினால்தான் பின்னால் நிலவுக்குப் போகிற வேலை நடக்கும் என்பதால் வைத்த சோதனை. தூரத்தை அளக்க ரேடார் கிடையாது. கண்தான் அளவுகோல்.

மெக்டிவிட் எந்த விமானியும் செய்வதைச் செய்தார். மூக்கை டின்னை நோக்கித் திருப்பி உந்தினார். டின் விலகியது. திரும்பவும் உந்தினார். திரும்பவும் விலகியது. ஆகாயத்தில் எதிரி விமானத்தைத் துரத்திப் பழகிய கை அது. அந்தக் கைக்குத் தெரிந்த எல்லாமே அங்கே தலைகீழாக வேலை செய்தது.

காரணத்தைச் சொல்லிவிட்டால் சின்ன விஷயம்தான். சுற்றுப்பாதையில் இருப்பவன் முன்னால் பார்த்து வேகம் கூட்டினால், அவன் பாதை மேலே எழும்பும். மேல் பாதை பெரியது. அங்கே ஓட்டமும் மெதுவு. ஆகவே முந்தப் போனவன் பின்தங்குவான். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் பிரேக் போட வேண்டும். பிரேக் போட்டால் பாதை தாழும். தாழ்ந்த பாதையில் ஓட்டம் வேகம். உள்வட்டத்தில் சுற்றிப் போய், எதிராளிக்குக் கீழே வந்தபின் மெல்ல ஏற வேண்டும். கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்க நின்று நிதானித்துப் பின்பக்கமாக நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. மண்ணில் பிறந்து நடை பழகிய எந்த உடம்பும் இதற்கு ஒப்புக்கொள்ளாது.

தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. பஸ் ஆல்ட்ரின் 1963இலேயே எம்.ஐ.டி.யில் இந்தச் சந்திப்பு விவகாரத்தைத்தான் முனைவர் பட்டத்துக்கு எழுதியிருந்தார். சக விண்வெளி வீரர்கள் அவரை டாக்டர் ரொண்டேவூ, அதாவது டாக்டர் சந்திப்பு, என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்கும் பின்னால் அவர் கணக்கு தேவைப்பட்டது. 1966 நவம்பரில் ஜெமினி 12இல் ரேடார் பழுதாகிவிட, ஆல்ட்ரின் அட்டவணைகளையும் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டையும் வைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டு இலக்கைப் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ஜெமினி 6ஏ, ஜெமினி 7ஐ ஓரடி தூரம் வரை நெருங்கிக் காட்டியிருந்தது. மெக்டிவிட்டின் துரத்தல் முடிந்து ஆறே மாதத்தில் பாடம் ஏறிவிட்டது.

ஆனால் அந்த ஜூன் நாளில் மெக்டிவிட்டுக்கு அந்த அவகாசம் இல்லை. உந்து எரிபொருளில் கிட்டத்தட்டப் பாதி தீர்ந்துவிட்டது. எட் ஒயிட் வெளியே இறங்கி மிதக்க வேண்டிய வேலை பாக்கி. டின்னை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்கள். அமெரிக்கரின் முதல் விண்நடை என்று உலகம் கொண்டாடிய நாளில் இந்தத் துரத்தலைப் பெரிதாக யாரும் பேசவில்லை.

இதையெல்லாம் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மூளை தெளிவு, பெரியவர்களுக்கு மழுங்கல் என்று முடித்துவிடலாம். அது உண்மையில்லை. எங்கள் பையனும் நிலவைப் பார்த்து மூக்கைத் திருப்பி நேரே உந்துகிறவன்தான். அவன் உடம்பும் மண்ணில் வளர்ந்ததுதான். வித்தியாசம் விலையில் இருக்கிறது. மெக்டிவிட்டின் தப்புக்கு விலை பாதி டாங்க் எரிபொருள். பிளஸ் டூ பெண்ணின் தப்புக்கு விலை, முதல் வரிசைக்காரி என்ற பேர். பையனின் தப்புக்கு விலையே இல்லை. ஏவுமுன் நிலைக்குத் திரும்ப ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் ஜெபிடயா அதே சிரிப்போடு ஏவுதளத்தில் உட்கார்ந்திருப்பான். விலை இல்லாததால் அவன் நூறு விதமாகத் தப்புச் செய்கிறான். செய்து செய்து, பிரேக் போட்டால் முந்தலாம் என்பதை ஒரு நாள் தற்செயலாகக் கண்டுபிடித்தான். ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் அத்தை மகளுக்குச் சொல்லத் தெரியும்; செய்யத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு முழு விண்வெளி வீரர் தேறுவார்.

பட்டன் அப்படியே கிடக்க வீட்டிலுள்ள பெரியவர்கள் விடுவார்களா? ஆட்டத்தின் அமைப்புகளில் 'ஹார்ட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் திரும்பிப் போகும் வசதி கிடையாது. பையனின் அப்பா அதைக் கண்டுபிடித்து, "அப்பத்தான் பொறுப்பு வரும்" என்று மாற்றி வைத்தார். பொறுப்பு வந்தது. பையன் ராக்கெட் ஏவுவதை நிறுத்திவிட்டு, வெடிக்காத ஒரே வடிவத்தை அலங்கரித்துக்கொண்டு இருந்தான். நான்தான் சண்டை போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.

பள்ளிகளுக்கென்றே கெர்பல்எடு என்ற பதிப்பு வெளிவந்த செய்தியைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியதும் அதனால்தான். எண்ணம் நல்லதுதான். சந்திரயான் 3 ஏன் அப்போலோ 11 போல நாலு நாளில் போய் இறங்காமல் பூமியையும் பிறகு நிலவையும் வளைய வளைய வந்து 40 நாள் எடுத்துக்கொண்டது என்பதை, கிட்டமுனையில் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கி எட்டமுனையை உயர்த்திப் பார்த்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். சிறிய ராக்கெட்காரன் பொறுமையைச் செலவழித்து எரிபொருளை மிச்சம் பிடிக்கிறான் என்று அவனே சொல்வான். ஆனால் நம்மூர் வகுப்பறைக்குள் நுழைகிற எதற்கும் மார்க் உண்டு. மார்க் வந்துவிட்டால் தப்புக்கு விலை வந்துவிடும். பிறகு எந்த வயதும் இதற்கு ஏற்ற வயது இல்லை.

ஆகவே தம்பி மகளுக்கு நான் சொன்ன பதில்: வாசிக்கத் தெரிந்து, ராக்கெட் வெடித்தால் சிரிக்கவும் தெரிந்தால் கொடு. சிரிப்பு நிற்கிற வயதில் ஆட்டத்தையும் நிறுத்திவிடலாம். அது பதினைந்திலும் வரும். சிலருக்கு எழுபதிலும் வருவதில்லை.

அவளுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 1969இல், அப்போலோ 11 இறங்கிய சில மாதங்களில், மாசசூசெட்ஸின் லெக்சிங்டன் பள்ளி மாணவன் ஜிம் ஸ்டோரர், பள்ளியிலிருந்த பிடிபி-8 கணினியில் நிலவில் இறங்கும் ஆட்டம் ஒன்றை எழுதினான். படம் கிடையாது. 10 நொடிக்கு ஒரு முறை எவ்வளவு எரிபொருள் எரிக்கலாம் என்று எண்ணைத் தட்ட வேண்டும். உயரமும் வேகமும் அச்சாகி வரும். மெதுவாக இறங்கினால் பிழைத்தோம். அந்த ஆட்டம் பேசிக் மொழிக்கு மாறி, 1973இல் டேவிட் ஆல் தொகுத்த புத்தகத்தில் ஏறி, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகம் செய்தது. ஸ்டோரர் பிற்பாடு பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியரானார். 2024இல் மார்ட்டின் என்ற நிரலாளர் ஒருவர், எரிபொருளை மிகக் குறைவாகச் செலவழித்து இறங்கும் வழியைத் தேடிக்கொண்டு போனபோது ஆட்டம் ஓரிடத்தில் முரண்டு பிடித்தது. தோண்டிப் பார்த்தால், வர்க்கமூலத்துக்குள் இருந்த கணக்கில் 2ஆல் வகுக்க விட்டுப் போயிருந்தது. பரீட்சைத் தாளாக இருந்திருந்தால் ஆசிரியர் அன்றைக்கே கண்டுபிடித்து அரை மார்க் குறைத்து, தாளையும் கட்டி மூலையில் போட்டிருப்பார். நல்ல வேளை, யாரும் திருத்தவில்லை. 55 வருஷம் உலகம் அதில் ஆடியது.