கயிற்றைப் பாருங்கள்

பழைய ரெஸ்லிங் வீடியோ எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? வீரர்களை விடுங்கள், கயிற்றைப் பாருங்கள். ரிங்கைச் சுற்றி மூன்று அடுக்குக் கயிறு. அரங்கின் உயரத்தில் நிறுத்திய கேமராவில் முன்பக்கக் கயிறுகள் படுக்கைக் கோடுகளாகவும், பக்கவாட்டுக் கயிறுகள் சாய்கோடுகளாகவும் தெரியும். படம் ஒழுங்காக இருந்தால் சாய்கோடு ஒரே இழுப்பில் ஓடும். கெட்டிருந்தால் துண்டுதுண்டாக உடைந்து, கேமரா அசையும்போதெல்லாம் நெளியும். முகமும் உடம்பும் கொஞ்சம் சிதைந்தாலும் நம் மூளை சரிக்கட்டிக்கொள்ளும். நேர்கோட்டில் அந்தச் சமாளிப்பு செல்லாது.

இதை நான் கற்றுக்கொண்டது ரெஸில்மேனியா 3 பார்க்கப் போய்த்தான். 1987 மார்ச் 29 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் நகர சில்வர்டோமில் நடந்த நிகழ்ச்சி. 93,173 பேர் கூடினார்கள் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணிக்கை சரியா என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ஹல்க் ஹோகன், ஆந்த்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிப் போட்டது அங்கேதான். ஆனால் விவரம் தெரிந்த ரசிகர்கள் அன்றைய மேட்ச் என்று கொண்டாடுவது ரிக்கி ஸ்டீம்போட்டும் ராண்டி சாவேஜும் மோதியதை. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சு விட இடம் இருக்காது.

அதை ஓர் ஓடிடி தளத்தில், 4கே டிவியில் ஓடவிட்டேன். ஸ்டீம்போட், சாவேஜின் கையைக் கோத்துச் சுழற்றி எறிகிற இடத்தில் நிறுத்தினேன். ஸ்டீம்போட்டின் தோள் முழுசாக இருந்தது. முழங்கைக்குக் கீழே கை சீப்புப் பல்லாகப் பிரிந்திருந்தது. ஒரு கோட்டில் கை இங்கே, அதற்கு அடுத்த கோட்டில் கை அங்கே. பின்னால் இருந்த சாய்ந்த கயிறும் துண்டுதுண்டாகத் தொங்கியது.

பழசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பேன். அந்த வாரமே கார்ஜியஸ் ஜார்ஜின் மேட்ச் ஒன்று பார்வைக்கு வந்தது. தங்க நிறச் சுருள் முடியும் பட்டு அங்கியுமாக வந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்ப நாட்களில் ஊரையே கோபப்படுத்திச் சம்பாதித்த மனிதர். கறுப்பு வெள்ளைப் படம், கொஞ்சம் மசமசப்பு, அங்கங்கே கீறல். ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒரு முழுப் படம் கிடைத்தது. கை கையாக இருந்தது, கயிறு கயிறாக இருந்தது. முப்பது வருடத்துக்கும் மேல் மூத்த படம் எப்படி உருப்படியாக இருக்கும்? அந்தக் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

முதல் விடை, படம் எதில் பதிவானது என்பதில் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் டூமான்ட் என்ற நெட்வொர்க், சிகாகோவின் மேரிகோல்ட் அரங்கிலிருந்து ரெஸ்லிங்கை ஒளிபரப்பியது. வீடியோ டேப் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. நிகழ்ச்சியைச் சேமிக்க ஒரே வழி, டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம்பிடிப்பது. கினெஸ்கோப் என்பார்கள். திரையைத் திரும்பப் படம்பிடித்ததில் தெளிவு குறைந்தது உண்மை. ஆனால் கையில் கிடைத்தது ஃபிலிம். ஃபிலிமின் ஒவ்வொரு கட்டமும் ஒரு முழுப் புகைப்படம். இன்றைய ஸ்கேனரில் வைத்தால் அதில் இருப்பது அத்தனையும் வந்துவிடும். அந்த ஃபிலிமைப் பெட்டியில் போட்டு வேறு ஊர் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பிரதிகள் பல இருந்ததால் சில பிழைத்தன. டூமான்ட் கிடங்கில் இருந்த கினெஸ்கோப்புகளுக்கு நேர்ந்த கதி வேறு. அவற்றை லாரிகளில் ஏற்றி நியூயார்க் துறைமுக நீரில் கொட்டிவிட்டார்கள் என்று 1996இல் நடிகை ஈடி ஆடம்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலக விசாரணையில் சாட்சி சொன்னார்.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பைக் கொண்டுவந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு வரப்பிரசாதம்; பின்னால் வந்த ரசிகர்களுக்கு அதுவே வினை. டேப்பில் இரண்டு குணங்கள். ஒன்று, அதில் இருப்பது புகைப்படம் அல்ல, மின்சைகை. அமெரிக்க முறையில் 525 கோடுகள். கண்ணுக்குத் தெரியும் படம் சுமார் 480 கோடு. அதற்கு மேல் ஒரு கோடுகூட டேப்பில் கிடையாது. எத்தனை நல்ல இயந்திரத்தில் ஓட்டினாலும் புதிதாக ஒன்று முளைக்காது. இரண்டாவது குணம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம்.

ரெஸில்மேனியா 3 நடந்த அதே 1987இல் தொடங்கிய தொடர் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. அதை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்திருந்தார்கள். அதனால் 2012 முதல் ஃபிலிம் சுருள்களைத் திரும்ப ஸ்கேன் செய்து, ஹெச்டியில் புதுப்படம் மாதிரி வெளியிட முடிந்தது. ரெஸ்லிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரெஸில்மேனியாவை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் ஹெச்டிக்கு மாறியதே 2008 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய ஹோகன், பிரெட் ஹார்ட், ஸ்டோன் கோல்ட் காலம் அத்தனையும் பெரும்பாலும் 480 கோட்டுக்குள் அடைபட்டது. 4கே திரையில் 2,160 கோடுகள். ஒரு பழைய கோடு நாலரைக் கோடாக விரிய வேண்டும்.

சரி, எல்லாம் டேப் என்றால் எல்லாம் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. 1980களின் தொடக்கத்து மெம்பிஸ், டல்லாஸ் நகரங்களின் ரெஸ்லிங் நிகழ்ச்சிகளை அடுத்தடுத்துப் பார்த்தேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அங்கேதான் விஷயம் தொழில்நுட்பத்திலிருந்து நழுவி, மனிதர்கள் கைக்கு வந்தது.

மெம்பிஸில் சேனல் 5 ஸ்டுடியோவில் சனிக்கிழமை காலை நேரலை. ஜெர்ரி லாலர் அங்கே முடிசூடா மன்னர். அன்று பதிவான டேப் அடுத்தடுத்த வாரங்களில் லூயிவில், எவன்ஸ்வில் என்று சுற்றுவட்ட ஊர்களுக்குப் போகும். சுற்றி முடிந்து திரும்பி வந்ததும், அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். நிகழ்ச்சியின் நோக்கம் திங்கட்கிழமை இரவு அரங்கத்துக்கு டிக்கெட் விற்பது. திங்கள் முடிந்தால் அது பழைய போஸ்டர். டேப்போ விலை கூடியது. 1970களின் மெம்பிஸ் பெரும்பகுதி இப்படித்தான் காற்றில் போனது. மிஞ்சியதில் பலவும் ரசிகர்கள் வீட்டு வி.சி.ஆரில் பிடித்தவை. ஒருவர் பிடித்ததை இன்னொருவர் காப்பி எடுத்து, அதை மூன்றாமவர் காப்பி எடுத்து, ஒவ்வொரு கை மாறும்போதும் நிறம் வழிந்து, விளிம்பு கரைந்து வந்தவை.

டல்லாஸில் வான் எரிக் குடும்பத்தின் வேர்ல்டு கிளாஸ் என்ற ரெஸ்லிங் நிறுவனம் வேறு கணக்குப் போட்டது. ஸ்போர்ட்டடோரியம் என்ற தகரக் கொட்டகை அரங்கம்தான். ஆனால் கே.எக்ஸ்.டி.எக்ஸ். நிலையம் அந்த நிகழ்ச்சியை நாடெங்கும், வெளிநாடுகளுக்கும் விற்கும் சரக்காகப் பார்த்தது. ரிங் ஓரத்தில் கையில் ஏந்திய கேமரா, அடி விழும் சத்தம் பிடிக்க மைக் என்று செலவு செய்தார்கள். விற்கிற சரக்கை யாரும் அழிப்பதில்லை. அந்த டேப்புகள் பின்னர் டபிள்யூ.டபிள்யூ.இ. வசம் போயின, இன்றும் அந்தக் காலத்து வீடியோக்களில் தனியாகத் தெரிகின்றன. ஆக, இரண்டு ஊரின் டேப்பும் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் தன் நிகழ்ச்சி அடுத்த வாரமும் காசாகும் என்று நினைத்தார், மற்றவர் நினைக்கவில்லை.

காப்பியின் காப்பிக்கு நல்ல சாட்சி டாம் மகீ கதை. கனடாவின் பளுதூக்கும் வீரர், சிற்பம் மாதிரி உடம்பு. 1986 அக்டோபர் 7 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் பிரெட் ஹார்ட்டோடு ஒரு சோதனை மேட்ச் ஆடினார். ஒளிபரப்பாகவே இல்லை. மகீயை அடுத்த ஹோகன் என்று நிறுவன முதலாளி நினைக்கும் அளவுக்கு பிரெட் அவரைத் தாங்கிப் பிடித்து ஆடவைத்தார் என்ற பேச்சு மட்டும் முப்பது வருடம் சுற்றிக்கொண்டிருந்தது. 2019இல் அந்த மேட்ச்சின் டேப் அகப்பட்டது, பிரெட் ஹார்ட்டிடமே இருந்த பழைய கேசட் குவியலில். அந்த ஆண்டு மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ. நெட்வொர்க்கில் ஓர் ஆவணப்படத்தோடு வெளியானது. உலகம் தேடிய மேட்ச், வி.எச்.எஸ். தரத்தில். அந்தப் படத்தின் மங்கலைப் பற்றி ஒரு ரசிகரும் முணுமுணுக்கவில்லை. வேறு பிரதி இல்லாதபோது இருக்கும் பிரதிதான் மூலம்.

தேடலில் சிக்கிய இன்னொரு மங்கல், வேண்டுமென்றே பூசப்பட்டது. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பழைய பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். உலக வனவிலங்கு நிதியமும் அதே எழுத்துகளுக்கு உரிமை கொண்டாடி வழக்குப் போட்டு வென்றது. 2002இல் ரெஸ்லிங் நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. அதன்பின் வந்த டிவிடிக்களில் 1990களின் கடைசிக் காலத்து லோகோ எங்கெல்லாம் வந்ததோ, அங்கெல்லாம் மசமசவென்று மறைத்தார்கள். ரிங் மூலை, நடுவர் சட்டை, மைக் எதுவும் தப்பவில்லை. 2012இல் இரு தரப்பும் சமரசமாகிய பிறகே அந்தத் திரை விலகியது. மறைப்புப் போட்ட பிரதியிலிருந்து காப்பி எடுத்தவர்களின் வீடியோக்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் அறிந்த பிறகும் ஸ்டீம்போட்டின் கைக்கு விடை வரவில்லை. அந்த மேட்ச்சை யாரும் அழிக்கவில்லை, கடலில் கொட்டவில்லை, கேசட் காப்பியாக மட்டும் அது எஞ்சவும் இல்லை. அமெரிக்காவில் வாங்கிய டிவிடி ஒன்று நண்பரிடம் இருந்தது. கணினியில் விஎல்சியில் போட்டேன். அதே இடம், அதே கை, அதே சீப்புப் பல். விஎல்சியின் மெனுவில் டீஇன்டர்லேஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதை இயக்கி, வகைகளில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கை ஒன்றுசேர்ந்தது. கயிறு பெரும்பாலும் நேரானது. அதைவிட ஆச்சரியம், அசைவு மாறியது. வெட்டி வெட்டி ஓடிய மேட்ச், இன்றைக்கு நேரலையில் கிரிக்கெட் பார்ப்பது போல வழுக்கிக்கொண்டு ஓடியது.

நடந்தது இதுதான். பழைய டிவி ஒரு படத்தை ஒரே மூச்சில் வரையாது. ஒற்றைப்படைக் கோடுகளை முதலில் வரையும். விநாடியில் அறுபதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படைக் கோடுகளை வரையும். அந்த இடைவெளிக்குள் ஸ்டீம்போட்டின் கை நகர்ந்துவிட்டது. ஆக டேப்பில் விநாடிக்கு ஏறக்குறைய அறுபது வெவ்வேறு கணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பாதிக் கோடுகளோடு. படக்குழாய் டிவி அவற்றை வந்த வரிசையிலேயே காட்டியது. தட்டைத் திரையும் செல்போனும் முழுப் படம்தான் கேட்கும். அதனால் ஓடிடிக்கு ஏற்றும்முன் யாரோ இவற்றைக் கோக்க வேண்டும். சோம்பேறித்தனமான வழி, இரண்டிரண்டாக ஒட்டிவிடுவது, சீப்பு வரும். அடுத்த வழி, ஒரு பாதியை எறிந்துவிட்டு மற்றதை நீட்டுவது, கயிறு உடையும். இரண்டிலும் அறுபது முப்பதாகிவிடும். முறையான வழி, அறுபதையும் அறுபது படமாக நிமிர்த்துவது. கணினிக்கு நேரம் பிடிக்கும், அனுப்பும் தரவும் கூடும்.

நம் ஊர் கேபிளில் 1990களில் பார்த்தபோது இதில் இன்னொரு திருகல். அமெரிக்காவின் அறுபதை நம் பால் (PAL) ஒளிபரப்பு முறையின் ஐம்பதுக்கு மாற்றித்தான் தந்தார்கள். அப்படி மாற்றிய டேப்பிலிருந்து வந்த பிரதிகள் இன்றும் உலவுகின்றன. நிறுத்திப் பார்த்தால் வீரருக்கு ஆவி மாதிரி ஒரு கை கூடுதலாக இருக்கும்.

யூடியூபில் விநாடிக்கு அறுபது படம் 2014இல் வந்தது. 720க்குக் கீழ் அந்த வசதி கிடையாது. ஆகவே 480 கோட்டு டேப்பை 720க்கோ அதற்கு மேலோ பெரிதாக்கி ஏற்றுகிறார்கள் விவரமான ரசிகர்கள். கோடு கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் காப்பாற்றுவது அசைவை. செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் கூட்டம் வேறு திசையில் போகிறது. சில்வர்டோம் கூட்டத்தில் ஒரு முகத்துக்கு டேப்பில் கிடைத்தது நாலைந்து புள்ளிதான். மென்பொருள் அதற்குக் கண்ணும் மூக்கும் கற்பனை செய்து வைக்கிறது, மெழுகு பூசிய மாதிரி. ரசிகர் கையில் பிடித்த அட்டையில் எழுத்து மாதிரி ஏதோ இருக்கும்; எந்த மொழியும் இல்லை.

பழைய ரெஸ்லிங் மங்கலாக இருப்பதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். தேடிப் போனதில் கிடைத்த கணக்கு வேறு. 480 கோடு என்பது அந்தக் காலத்தின் எல்லை. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அழித்த டேப் போனது போனதுதான். ஆனால் விநாடிக்கு அறுபது அசைவு டேப்பில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பாதியாக்குவது கடைசிக் கட்டத்தில், இன்றைய கணினியில், யாரோ தேர்ந்தெடுக்கிற ஓர் அமைப்பு. முறையாக நிமிர்த்திய பிரதியையும் தொடாத மூலப் பதிவையும் சேர்த்தே வைத்துக்கொண்டால், நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது திரும்பச் செய்துகொள்ளலாம். டேப்பை ஓட்டும் இயந்திரங்கள் அரிதாகிவருவதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. மெம்பிஸில் டேப்பை அழித்தவரிடம் கேட்டால் டேப் விலையைக் காட்டியிருப்பார், நாமும் வாயடைத்திருப்போம். இன்று பாதியை எறிகிறவர் காட்டுவதற்கு அப்படி ஒரு விலைச்சீட்டு இல்லை.