துடைக்கிற கைக்கும் காக்பிட் தெரியணும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகும் தெரு. அங்கே ஒரு வீட்டு முன்கூடத்தில், முருகன் காலண்டருக்குப் பக்கத்தில், செஸ்னா 172 விமானத்தின் காக்பிட் படம் அசல் அளவில் ஒட்டியிருக்கிறது. பைலட் மாணவர்கள் எதிரே நாற்காலி போட்டுக் கை பழகுவார்களே, அந்தப் படம்தான். இந்த வீட்டில் அதைப் பார்த்துத் துடைக்கப் பழகுகிறார்கள்.

வீட்டுக்காரர் ஹேங்கர் ஹெல்ப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஓடுபாதையில் பயிற்சி விமானங்கள் பறந்த காலத்தில் இங்கே தொழில் பழகி, அப்புறம் வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போனார். இன்று லாஸ்பேட்டைக்கு வந்து போவது பெங்களூரு, ஹைதராபாத் ஏ.டி.ஆர். விமானங்கள். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட்டுக்குப் போதாது. ஏர்போர்ட் வேலைக்கு முயற்சி செய்யும் பையன்கள் இரண்டு பேர் ஞாயிறுதோறும் இவரிடம் வருகிறார்கள். “மாமா” என்று கூப்பிடுகிறார்கள்.

“முதல்ல எதை எடுப்ப?” என்றார் மாமா. “துணி” என்றான் ஒருவன். “சாவியை எடுடா!”

செஸ்னா இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். சாவி ஆஃபில் இல்லாமல் இருந்து, வெளியே யாராவது புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் இன்ஜின் ஒரு சுற்றாவது பற்றிக்கொள்ளலாம். அதனால் சாவி துடைப்பவர் சட்டைப் பையில். அடுத்து மாஸ்டர் ஸ்விட்ச் ஆஃப், இரண்டு கதவும் திறப்பு. கிருமியைக் கொல்லும் மருந்து 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதன் ஆவி சுமார் 18 டிகிரியிலேயே தீப்பொறிக்குப் பற்றும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையே அதைவிடச் சூடு. சித்திரை வெயிலில் பூட்டிக் கிடந்த காக்பிட்டைச் சொல்லவே வேண்டாம்.

ஏன் 70, சுத்தமான சரக்கே போடலாமே என்று கேட்டேன். தண்ணீர் கலந்தால்தான் மெல்லக் காயும், கிருமியின் புரதத்துக்குள்ளும் ஏறும். அரை நிமிஷமாவது ஈரம் நிற்க வேண்டும். பிளீச்சிங் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். அதுவும் உப்புக்காற்று அடிக்கும் ஊரில்.

பிறகு பரண்மேலிருந்து பழைய ஜன்னல் அக்ரிலிக் துண்டு ஒன்றை இறக்கினார். ஒரு பட்டையை இரண்டு கையாலும் வில்லாக வளைத்துப் பிடித்து, மேடான இடத்தில் ஆல்கஹால் துணியால் தடவச் சொன்னார். தடவினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளுக்குள் மயிரிழை மாதிரி கோடுகள், ஒன்று, நாலு, ஒரு கொத்து. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளி இழைகள். “விண்ட்ஷீல்டும் வளைச்சு ஸ்க்ரூ போட்டுத்தான் நிக்குது சார். எதிர் வெயில்ல இறங்குற பிள்ளைக்கு ரன்வே தெரியணுமா, இது தெரியணுமா?” கண்ணாடிக்குத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். முதலில் தண்ணீரை ஊற்றி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் செம்மண் துகளை வழித்துவிட வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, மேலும் கீழும்தான். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் நீலத் திரவத்தில் அமோனியா இருந்தால் அது காக்பிட்டின் கார்மின் திரைமேல் உள்ள பூச்சையும் தின்றுவிடும். ஆயுத பூஜைக்கு விண்ட்ஷீல்டில் சந்தனம் வைத்தவர்களோடு இவர் போட்ட சண்டை தனிக் கதை.

பாடம் பிறகு படத்துக்கு வந்தது. ஸ்பிரேயைப் பேனல்மேல் அடிக்கக் கூடாது, துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்ச் இடுக்கில் இறங்கிவிடும். கைப்பிடி, த்ராட்டில், சிவப்பு மிக்ஸ்சர், ஃபிளாப் லீவர், டிரிம் சக்கரம் என்று எல்லாரும் தொடும் இடங்களைத் தொட்டபடியே போனான் பையன். “நில்லு. இப்ப என்ன தட்டுன?” ஈ.எல்.டி. ஸ்விட்ச். விபத்தில் தானாக அபாயச் சைகை அனுப்பும் கருவி அது. துணி பட்டு ஆன் பக்கம் சாய்ந்தால் ஹேங்கரில் நிற்கும் விமானத்துக்காக செயற்கைக்கோள் வழியே பெங்களூருவில் இஸ்ரோவின் மையம் விழித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ஸ்விட்சும் முன்பு எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டும்.

2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது எல்லா ஊரிலும் மருந்தை வாளியில் ஊற்றாத குறை. செஸ்னா கேபினின் அகலம் ஒரு மீட்டர். ஆசிரியரும் மாணவரும் தோளோடு தோள். அடுத்த வருஷமே, தொட்ட இடத்திலிருந்து கொரோனா தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் சி.டி.சி. சொல்லிவிட்டது. அப்படியென்றால் இவ்வளவும் வீணா? “மெட்ராஸ் ஐ இருக்கே சார். ஹெட்செட்டுல தலை எண்ணெய், மைக் பஞ்சுல எச்சில்.” பஞ்சை ஆளுக்கொன்றாக மாற்ற வேண்டும்; காது மெத்தைக்குச் சோப்புத் தண்ணீர். பெல்ட் நாடாவுக்கும் அதுவே.

எனக்குப் பட்டது வேறு. அவர் அதிக நேரம் நின்றது கிருமியிடம் அல்ல, சீட் அடியில். செஸ்னா சீட் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஒரு பின் ஓட்டைக்குள் இறங்கிப் பூட்டும். அந்த ஓட்டையில் மண் அடைத்தால் பின் அரைகுறையாக உட்காரும். ஏறும்போது மூக்கு தூக்கியதும் சீட் பின்னால் ஓட, பைலட் கைப்பிடியைப் பற்றி இழுக்க, மூக்கு இன்னும் தூக்கி விமானம் விழும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்க விமானத் துறை 1987-லும் 2011-லும் இந்தத் தண்டவாளங்களைச் சோதிக்க உத்தரவு போட்டது. பெருக்குவதற்காக சீட்டைத் தள்ளுகிறவரும் ஹெல்ப்பர்தான். ஓட்டையில் மண்ணை முதலில் பார்க்கிறவரும் அவர்தான். சோதித்துக் கையெழுத்துப் போடுவது ஏ.எம்.இ. என்கிற பராமரிப்புப் பொறியாளர். பறந்த மணிக்கணக்கு மாணவர் புத்தகத்தில் ஏறும். துடைத்தவருக்கு எந்தப் புத்தகத்திலும் கட்டம் இல்லை; பெரும்பாலும் கான்ட்ராக்ட் கூலி. இதைத்தான் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

மாமா தானே ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். தேதி, விமான எண், துடைத்தது, சீட் பூட்டியது, ஈ.எல்.டி. பார்த்தது. ஒருமுறை ஒரு ஸ்விட்ச் விவகாரத்தில் பழி இவர்மேல் வந்தபோது அந்த நோட்டைத்தான் மேஜையில் வைத்தாராம். பையன்களும் இப்போது ஆளுக்கொரு நோட்டு போட்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு ஏ.டி.ஆர். கேபின் கிளீனிங்கில் வேலை கிடைக்கலாம். அங்கே காக்பிட் பக்கம் விடுவார்களா என்று கேட்டான். “விட மாட்டான். நீ சீட் பாக்கெட்டை எழுது.”