திறமைன்னு சொல்லித்தான் சேர்த்துவிட்டோம்

 

வழக்கமா அன்னதானத்துக்கு ஆள் வேணும், அரிசி வேணும்னுதான் இங்கே எழுதுவோம். இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். சம்பந்தப்பட்ட தம்பிகிட்டயும் அவர் மனைவிகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறோம். பெயர் வேண்டாம்.

நாங்க சமையல்கட்டுத் தொண்டூழியர்கள் பத்துப் பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுறது பெரும்பாலும் காற்பந்துதான். போன வருஷம் ஆகஸ்ட்டில், பிரிமியர் லீக் ஃபேண்டசி ஆட்டத்தில் ஒரு குழு தொடங்கினோம். தெரியாதவங்களுக்காகச் சொல்றோம்: கையில் கற்பனையா 100 மில்லியன் பவுண்ட் இருக்கும். அதுக்குள்ள 15 ஆட்டக்காரர்களை எடுக்கணும், ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. நிஜ ஆட்டத்தில் அவங்க நல்லா ஆடினா நமக்குப் புள்ளி. கேப்டனுக்கு ரெண்டு மடங்கு. அந்த ஆட்டம் இலவசம். நாங்கதான் ஆளுக்கு 50 வெள்ளி போட்டு வச்சோம்.

இந்தத் தம்பி முன்னாடி காற்பந்துப் பந்தயத்தில் நிறைய விட்டவர். அம்மனுக்கு வேண்டிக்கிட்டு, தீ மிதிச்சு, நிறுத்தினவர். எங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சும், "இது சூது இல்ல தம்பி, திறமை"ன்னு சொல்லிச் சேர்த்துவிட்டோம்.

முதல் மாசமே அவர்தான் முதலிடம். எப்படின்னு கேட்டோம். பந்தயம் கட்டினப்போ கத்துக்கிட்டதுதான் அண்ணேன்னார். யார் ஜெயிப்பாங்கன்னு பார்க்கக்கூடாது, கொடுக்கிற விலைக்கு ஆள் தகுமான்னு பார்க்கணும். யாருக்குக் காயம், யாருக்குத் தடை, வாரநடுவில் ஐரோப்பியப் போட்டி இருந்தா யாரை உட்கார வைப்பாங்கன்னு பார்க்கணும். எந்த அணி கோல் வாங்காதுன்னு பந்தய விகிதத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். மனசுக்குப் பிடிச்ச கிளப் வேற, கணக்கு வேற. எல்லாம் உண்மைதான். பந்தயத்தில் பழகின கண்ணு ஃபேண்டசியில் நல்லாவே வேலை செய்யும். நாங்க கைதட்டினோம்.

அடுத்து அவர் போனது தினசரி ஃபேண்டசிக்கு. அமெரிக்காவில் ஃபேன்டூயல் 2009இலும் டிராஃப்ட்கிங்ஸ் 2012இலும் தொடங்கி வளர்த்த முறை இது. நுழைவுக் கட்டணம் கட்டி இன்னைக்கு அணி போட்டா, இன்னைக்கே முடிவு. இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு ட்ரீம்11 பெரிய அளவில் நடந்துச்சு. அங்கேயும் திறமை விளையாட்டுன்னுதான் சொன்னாங்க. 2025 ஆகஸ்ட்டில் புதுச் சட்டம் வந்ததும், பணம் கட்டி ஆடுறது நின்னுபோச்சு.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கு. பந்தயத்தில் எதிராளி புக்கி. தினசரி ஃபேண்டசியில் எதிராளி நம்மை மாதிரியே கட்டணம் கட்டின மத்தவங்க. அதில் கணினி வச்சுக் கணக்குப் போட்டு, ஒரே போட்டிக்கு நூறு அணிக்கு மேல போடுறவங்களும் இருக்காங்க. எல்லார் கட்டணத்திலிருந்தும் நிறுவனம் தன் பங்கை முதல்ல எடுத்துக்கும். மிச்சத்தைத்தான் ஜெயிக்கிறவங்க பங்கு போட்டுக்கணும். அதனால கொஞ்சம் திறமை இருந்தா போதாது. அந்தப் பங்கையும் தாண்டி ஜெயிக்கிற அளவுக்குத் திறமை வேணும்.

தம்பிக்குத் திறமை மட்டும் கூட வரல, பழைய பழக்கமும் வந்துச்சு. விட்டதை இன்னைக்கே பிடிக்கணும்னு கட்டணத்தை ஏத்துறது. "ரெண்டே புள்ளியில் போச்சு"ன்னு அதையே வெற்றி மாதிரி பேசுறது. கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கிறது. எங்களில் மூணு பேர்கிட்ட தனித்தனியா கடன் கேட்டிருக்கார். அண்டா கழுவுறப்போ பேச்சுவாக்கில்தான் அது தெரிய வந்துச்சு. அப்பவும் நாங்க அவரைக் கேட்கல. சங்கடம்.

இந்த வருஷம் தீமிதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அவர் மனைவி சமையல்கட்டு வாசலில் வந்து நின்னாங்க. சத்தம் போடல. "கோயிலுக்குத்தானேன்னு அனுப்பினேன். நீங்கதானே அண்ணே சேர்த்துவிட்டீங்க?"ன்னாங்க. எங்களில் ஒருத்தருக்கும் பதில் வரல.

சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் வருஷா வருஷம் திரௌபதி அம்மனுக்காகத் தீ மிதிக்கிறோம். சூதாட்டச் சபைக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். தருமர் நாட்டை, தம்பிகளை, தன்னையே தோத்து, கடைசியில் திரௌபதியை வச்சார். அம்மா சபையைப் பார்த்து, தன்னைத் தோத்த பிறகு என்னை வைக்க அவருக்கு என்ன உரிமைன்னு கேட்டாங்க. விதுரர், விகர்ணன் மாதிரி ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர, பெரியவங்க யாரும் நேரா பதில் சொல்லல. இத்தனை வருஷம் அந்தக் கதையில் நாங்க தருமரைத்தான் குறை சொல்வோம். இந்தத் தடவை அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தது நாங்கதான்.

குழுவைக் கலைச்சோம். போட்ட பணத்தை அவங்கவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துட்டோம். தம்பியை ஒரு நாள் உட்கார வச்சு, அவர் பக்கத்தில் நாங்க இருக்க, சூதாட்டப் பிரச்சினை உதவி எண்ணுக்கு அவரையே பேச வச்சோம்: 1800-6-668-668. சம்பளம் இப்போ மனைவி கணக்குக்குப் போகுது. கடன் இன்னும் முடியல. தம்பி சமையல்கட்டுக்கு வரத் தயங்குறார்.

பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறைகூறல் இல்ல, எங்க அனுபவம். ஃபேண்டசி ஆடுங்க, சந்தோஷமா ஆடுங்க, காசு வைக்காம ஆடுங்க. உங்க வட்டத்தில் பந்தயத்தை விட்டு வந்தவர் யாராவது இருந்தா, "திறமை"ன்னு சொல்லி அவரைக் கூப்பிடாதீங்க. கடன் கேட்டா, எதுக்குன்னு கேளுங்க. கேட்கிறது மரியாதைக்குறைவு இல்ல.

தம்பி, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வாங்க. வெங்காயம் உரிக்க ஆள் பத்தல.