எண்பது கிராம் பாரம்

நாள் முழுவதும் நிறுவையோடு வாழ்கிறவன் நான். தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்திலே, ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுவது என் தொழில். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், குருநாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியும் சந்திக்கிற ஊர் இது. ஆகவே, மலைநாட்டுக் கரட்டும் போஞ்சியும், இவ்வட்டாரத்துப் பெரிய வெங்காயமும் பூசணியும் இரவோடிரவாக இங்கே வந்திறங்கி, வேறு லொறிகளில் ஏறி நாடெங்கும் போய்விடும். ஐம்பது கிலோ மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் அது ஒரு வழக்கு. கிராம் என்ற சொல்லையோ நாங்கள் வாயெடுத்துச் சொல்வதே அரிது. அப்படிப்பட்டவன் வீட்டிலே, சென்ற ஆண்டு, பத்துக் கிராம் நுழைந்து விளைவித்த துன்பத்தைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எவருக்கேனும் இது பயன்படலாம்.

என் மூத்த மகளுக்கு அப்பொழுது வயது 12. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டென்றால் பெரும்பாலும் கிரிக்கெட்தான். 2001ஆம் ஆண்டு முதல் சர்வதேச ஆட்டங்களைக் கண்ட மைதானம் கண்ணெதிரே இருக்கும்போது வேறென்ன தோன்றும்? ஆனால் அவளுடைய மனம் பட்மின்டனிலே பதிந்துவிட்டது. விளையாட்டாசிரியை பாடசாலை மண்டபத்தில் கோடு கிழித்து வலை கட்டிய நாள் தொட்டு, அவளுக்கு வேறு நினைவே இல்லை. வீட்டு முற்றத்தில் ஆடுவதும் எளிதன்று. ஏறக்குறைய 5 கிராம் நிறையே உள்ள அந்த இறகுப்பந்தை ஆடி மாதத்துக் கச்சான் காற்று அயல்வீட்டு முருங்கையிலே கொண்டுபோய்ச் செருகிவிடும். அவளோ முருங்கையில் ஏறிப் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆடுவாள்.

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவிலே நம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்ற நிலூக கருணாரத்ன, ஜப்பானின் புகழ்பெற்ற வீரர் கெனிச்சி டகோவை வென்ற கதையை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அக்கதையில் எனக்கிருந்த மயக்கமே பின்னால் வந்த பிழைக்கெல்லாம் வித்தாயிற்று என்று இப்பொழுது தோன்றுகிறது.

பாடசாலையின் பொது மட்டையை வாங்கி ஆடுகிறாளே, அவளுக்கென்று ஒன்று வேண்டாமா என்று எண்ணி, ஒருநாள் கண்டிக்குப் போனபோது ஒரு கடையில் புகுந்தேன். மகளை அழைத்துச் செல்லவில்லை. திடீரென்று கையில் கொடுத்து அவள் முகம் மலர்வதைக் காணவேண்டும் என்பது என் ஆசை. சுவரிலே ஓர் உலக வீரர் மட்டையோடு பாய்கிற படம் இருந்தது. அதுபோன்ற மட்டையையே கேட்டேன். கடைக்காரர், “யாருக்கு?” என்று வினவியபோது, “நன்றாக ஆடுகிறவர்களுக்கு” என்று பெருமையோடு விடையிறுத்தேன். கனமான பொருளே உறுதியான பொருள் என்பது சந்தைக்காரனின் புத்தியல்லவா? இரண்டு மட்டைகளைக் கையில் வாங்கிச் சற்றே கனத்ததைத் தெரிந்தெடுத்தேன். சம்பளத்திலே காற்பங்கு போயிற்று. மகளோ அதை மார்போடு அணைத்துக்கொண்டு உறங்கினாள்.

மூன்று மாதங்கள் சென்றன. முதலில் நான் கண்டது, அவள் பயிற்சியிலிருந்து வழக்கத்தைவிட முன்னதாக வீடு திரும்புவதை. பின்னர், சாப்பிடும்போது இடக்கையால் தண்ணீர்ச் செம்பை எடுப்பதை. படிப்புச் சுமையாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் இரவு, லொறிக் கணக்கு முடிந்து நேரங்கழித்து வந்தபோது, அடுக்களை விளக்கின் கீழே அவள் தனியே இருந்து மணிக்கட்டுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை மறைத்தாள்.

“என்ன மகள், வலிக்கிறதா?”

“இல்லை அப்பா.”

“உண்மையைச் சொல். மட்டை சரியில்லையா?”

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “மட்டை நல்ல மட்டைதான் அப்பா. என் கைதான் போதாது.”

வாசக நேயர்களே, அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. பணம் போனது பெரிதன்று, வலிகூட ஆறிவிடும். ஆனால் நான் பிழையாக வாங்கிய ஒரு பொருளுக்காக, என் குழந்தை தன் கையையே குறைத்து மதிக்கத் தொடங்கிவிட்டாள். அப்பன் விலை கொடுத்து வாங்கியதில் குற்றம் இருக்கும் என்று அவளால் நினைக்கவே முடியவில்லை. ஆகையால் குற்றத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டாள். இப்படி எத்தனை பிள்ளைகள், அளவுக்குப் பொருந்தாத கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கியிருப்பார்களோ?

மறுநாள் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். தசைநாரில் சிறு அழற்சி. இரண்டு வாரம் ஓய்வு போதும் என்றார். மட்டையை யாருக்கேனும் விற்றுவிடலாம் என்று கடைக்கு எடுத்துச் சென்று, மேசையருகே சாத்தி வைத்தேன்.

எங்கள் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகளுள் முதியவர் ஒருவர் உண்டு. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இளமையிலேயே இங்கு வந்தவர். தேநீர் குடிக்க வந்த அவர் மட்டையைக் கையில் எடுத்து, பிடியைப் பற்றி இருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஐயா, இது பாரமில்லைங்க. இதுக்குத் தலைக்கனம்.”

நான் விளங்காமல் விழித்தேன். அவர் மூலையிலிருந்த மண்வெட்டியைக் காட்டினார். “அதைக் காம்பு முனையிலே பிடிச்சு நீட்டிப் பாருங்க. அப்புறம் இரும்புப் பக்கம் பிடிச்சு நீட்டிப் பாருங்க. ஒரே மண்வெட்டிதானுங்களே?”

செய்து பார்த்தேன். காம்பின் முனையைப் பிடித்தபோது நொடிப்பொழுதில் கை தாழ்ந்தது. இரும்பருகே பிடித்தபோதோ குழந்தையும் ஏந்தலாம் போலிருந்தது. தராசிலே இரண்டும் ஒரே நிறைதான். ஆனால் கைக்குத் தெரிகிற பாரம், நிறை எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இருபது ஆண்டுகள் நிறுவைக் கணக்கு எழுதிய எனக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது! தலைக்கனம் மட்டைக்கு மாத்திரம் இருக்கவில்லை என்பதையும் அப்போதே உணர்ந்தேன்.

அன்று மாலையே விளையாட்டாசிரியையைக் கண்டு பேசினேன். அவர் பொறுமையோடு எல்லாவற்றையும் விளக்கினார். மட்டையின் காம்பிலோ அடியிலோ சிறிய எழுத்தில் ஓர் எண்ணும் ‘யு’ என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே நிறையின் குறி. ‘3யு’ என்றால் 85 முதல் 89 கிராம். ‘4யு’ என்றால் 80 முதல் 84. ‘5யு’ என்றால் 75 முதல் 79. எண் ஏற ஏற நிறை குறையும். நான் வாங்கியது ‘3யு’. அடுத்து, சமநிலைப் புள்ளி. மட்டையை ஒரு விரலின்மேல் கிடையாக நிறுத்தி, அது சாயாமல் நிற்கும் இடம் பிடியின் அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கவேண்டும். 28½ சென்ரிமீற்றருக்கும் 29½ சென்ரிமீற்றருக்கும் இடையில் வந்தால் நடுநிலை, கூடினால் தலைப்பாரம், குறைந்தால் தலை இலகு. அவர் அளந்தபோது என் மட்டை 30ஐத் தாண்டியது. அன்றியும் அதன் தண்டு வளையாத இறுக்கமுடையது. வேகமாக வீசும் பெரியவர்களுக்கே அத்தகைய தண்டு பயன் தரும். மெல்ல வீசும் பிள்ளைக்கு, வளைந்து நிமிர்ந்து பந்தைத் தள்ளிவிடுகிற தண்டே துணை.

நரம்பின் இறுக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. அதனை இன்றைக்கும் இறாத்தற் கணக்கிலேதான் சொல்கிறார்கள். உலக வீரர்கள் 28, 30 இறாத்தல் என்று இறுக்கிக் கட்டுவார்கள். தொடங்குகிற பிள்ளைக்கு 20 முதல் 22 இறாத்தல் போதும். தளர்ந்த நரம்பு பந்தைத் தானே உந்திவிடும்; கைக்கும் அதிர்ச்சி குறையும். என் மட்டையில் 26 கட்டப்பட்டிருந்தது. நன்றாக ஆடுகிறவர்களுக்கு என்று கேட்டவன் நானேயாதலால் கடைக்காரரைக் குறைகூற வழியில்லை.

இவ்வளவு நுட்பமான வேறுபாடுகள் இக்காலத்துக்கே உரியவை. என் தகப்பனார் இளமையில் ஆடியது மரமட்டை. நூறு கிராமுக்கு மேல் கனத்த அம்மட்டை மழைக்காலத்து ஈரத்தில் கோணிவிடும் என்று, நான்கு மூலையிலும் திருகாணி பூட்டிய மரச்சட்டத்துக்குள் அதை நெருக்கி வைப்பார்கள். தஞ்சாவூரிலே பிறந்து தமிழ்நாட்டில் இன்றும் ஆடப்படும் கம்பளிப் பந்து ஆட்டத்தின் மட்டையோ 165 கிராமுக்கும் மேல் நிறையுடையது. அங்கே பந்தே 27 கிராம் கனக்கும் ஆதலால் அந்த மட்டை அதற்குப் பொருத்தம். பிற்காலத்தில் உலோகச் சட்டம் வந்தது. அதன்பின் கரிநார் வந்து எல்லாவற்றையும் இலேசாக்கிவிட்டது. ஜப்பானில் 1946ஆம் ஆண்டு மீன்வலைகளுக்கு மரமிதவை செய்யத் தொடங்கியவர் மினோறு யொனெயாமா. பிளாஸ்டிக் மிதவை வந்து அத்தொழிலைக் கெடுக்கவே, 1957இல் அவர் பட்மின்டன் மட்டை செய்ய முற்பட்டார். யொனெக்ஸ் என்ற பெயரோடு உலகமெங்கும் பரவியிருப்பது அந்த நிறுவனந்தான்.

ஓய்வு முடிந்ததும் மீண்டும் கண்டிக்குப் போனேன், இம்முறை மகளோடு. எந்த மட்டையையும் நான் தொடுவதில்லை என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டேன். ஆசிரியை சொல்லியனுப்பியபடி, விலையைப் பார்ப்பதற்கு முன்னே அவள் ஒவ்வொன்றையும் பிடித்து, தலைக்குமேல் பத்துமுறை வீசிப் பார்த்தாள். முதல் வீச்சிலே எல்லாம் இலகுவாகத்தான் இருக்கும். பத்தாவது வீச்சிலேதான் உண்மை வெளிப்படும். பிடியின் பருமனையும் பார்த்தாள். பல நிறுவனங்களின் முறையில் ‘ஜி’ என்ற எழுத்தோடு வரும் எண் கூடினால் பிடி மெலியும். சிலர் வேறு குறி இடுவதால், கையில் பற்றிப் பார்ப்பதே நலம். பிடித்த விரல்கள் உள்ளங்கையை முட்டாமலும், மிக விலகாமலும் இருக்கவேண்டுமாம்.

கடையில் 70 கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஒரு மட்டையும் இருந்தது. இலேசுதானே நல்லது, அதையே எடுத்துவிடலாமே என்று என் நாக்கு துடித்தது. ஆயினும் வாயை மூடிக்கொண்டேன். அவள் அதை வீசிவிட்டு, “காற்றைப் பிடித்தாற்போல் இருக்கிறது அப்பா, எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை” என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரியென்று பிறகு அறிந்தேன். மிகவும் இலேசான மட்டை வலையருகே விரைந்து திரும்பும். ஆனால் பின்கோட்டிலிருந்து பந்தை எதிர்ப்பக்கத்துப் பின்கோடு வரை அனுப்ப, ஆடுகிறவரே அதிக விசை கொடுக்கவேண்டும். 13.4 மீற்றர் நீளமுள்ள களத்தில் அது சிறிய வேலையன்று. எனவே இலகுவையும் ஓர் எல்லைக்குள்ளேதான் நாடவேண்டும்.

கடைசியில் அவள் தெரிந்தெடுத்தது ‘5யு’ வகையில், நடுநிலையான, தண்டு நன்கு வளையும் ஒரு மட்டை. என் பழைய மட்டையைவிடப் பத்துக் கிராம் குறைவு. விலையிலோ பாதிகூட இல்லை. நரம்பு 21 இறாத்தலுக்குக் கட்டப்பட்டது. பேருந்தில் வரும் வழியெல்லாம் அவள் அதை மடியிலே கிடத்திக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். அவள் அப்படிப் பேசிக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

இதனால் அவள் பெரிய வீராங்கனை ஆகிவிட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வாண்டுப் பாடசாலைப் போட்டியொன்றில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றாள். மண்டபத்துக்கு வெளியே காத்திருந்த நான், என்ன சொல்வாளோ என்று அஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அந்தப் பிள்ளை வலையருகே என்னைவிட நன்றாக ஆடுகிறாள் அப்பா. அந்த அடியை நான் பழகவேண்டும்” என்றாள். கை போதாது என்ற பேச்சு அதில் இல்லை.

பழைய மட்டையை நான் விற்கவில்லை. அலுமாரியின் மேலே உறையோடு வைத்திருக்கிறேன். அவள் தோள் அதற்குரிய வலிமை பெறும் காலம் வந்தால், அவளே இறக்கி வீசிப் பார்ப்பாள். வேண்டுமா வேண்டாமா என்று அவள் கைதான் சொல்லவேண்டும்.