நம்ம பையன் அடிச்ச கோல்

1975 மார்ச் 15. எனக்கு அப்போ ஒன்பது வயசு. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி ஃபைனல், இந்தியாவும் பாகிஸ்தானும். எங்க வீட்டு ரேடியோவைச் சுற்றி மாடிப்படி வரைக்கும் கூட்டம். வர்ணனை ஜஸ்தேவ் சிங். அம்மாவுக்கு இந்தி சுத்தமா வராது. ஆனா அவர் குரல் ஏறினா கரண்டியோட ஓடி வந்துடுவாங்க!

முதல் கோல் பாகிஸ்தானுக்கு. பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். அப்புறம் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே வந்துவிட்டது. அம்பயர் கோல் என்றார். பாகிஸ்தான்காரர்கள் ஒத்துக்கவே இல்லை. 2-1, கோப்பை நமக்கு.

கீழ்வீட்டு தாது (பெங்காலியில் தாத்தா) "ஆமாதேர் சேலே!" என்று கத்தினார். நம்ம பையனாம்! தயான்சந்தோட மகன் எப்போ பெங்காலி ஆனார்? மோகன் பகானுக்கு ஆடியவராச்சே, தாதுவுக்கு அது போதும்.

அப்பா விடுவாரா? "டீம்ல வி.ஜே. பிலிப்ஸ் இருக்கான், எங்க தமிழ்நாட்டுப் பையன்" என்றார்.

"நீ சொல்லுடா, யார் நம்ம பையன்?" என்று தாது என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, அசோக் குமார் என்றேன். அப்பா சிரித்தார். ஆனா ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசலை.

இப்போ இருப்பது டொராண்டோ. இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். போன வாரம் என் பொண்ணு டிவியைப் பார்த்து, மேப்பிள் லீஃப்ஸ்தான் "நம்ம பசங்க" என்றாள். அப்பா இருந்திருந்தா உடனே போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.